வௌவால் வீட்டுக்குள் வந்துவிட்டதா? முதலில் ஃபேனை நிறுத்துங்கள்

வைகாசி மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம். ஆசாரத்து (கூடத்து) டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தது. அதன் பின்னாலேயே ஒரு சின்ன வௌவாலும் உள்ளே வந்துவிட்டது. நான் சீமாறைத் தூக்கினேன், தம்பி துண்டைச் சுழற்றினான், பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். திண்ணையில் இருந்த அம்மா மட்டும், "சாமி, அதைய அடிக்காத. மொதல்ல பேன நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யார் காதிலும் விழவில்லை. ஃபேன் இறக்கை அதைத் தட்டியது. டப்பென்று ஒரு சத்தம். போய் எடுத்துப் பார்த்தால், கட்டைவிரல் நீளம்கூட இல்லை அந்த உடம்பு.

கோபி பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோட்டம். அதற்குள்ளேயே ஓட்டு வீடு. சுற்றிலும் வேம்பு, கொய்யா, ஒரு நாட்டு வாதுமை மரம். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது யாராவது ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிடுவார். அப்படிப் பழகியதில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். கடி, கீறல் என்றால் மட்டும் இதற்கு அடுத்ததைப் படித்துவிட்டு உடனே கிளம்புங்கள்.

அறிகுறி: யாரையோ கடித்துவிட்டது, அல்லது நகம் கீறிவிட்டது

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் மனசுக்கு இரண்டு நிமிஷமே பதினைந்தாகத் தெரியும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். பிறகு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ அன்றைக்கே போங்கள். "ஏதோ பூச்சிங்க" என்று மழுப்பாமல் வௌவால் என்றே சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் வெறிநோய் (ரேபிஸ்) ஆபத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. வௌவாலோடு நேரடித் தொடர்பு என்பது அதில் கடுமையான மூன்றாம் வகையில் வருகிறது. ஊசி வேண்டுமா, எத்தனை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தோலில் போடும் முறை என்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள் என்று வரச் சொல்வார்கள். நடுவில் ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

தூங்குகிற கைக்குழந்தையோ, வாய்விட்டுச் சொல்ல முடியாத பெரியவர்களோ இருந்த அறையில் காலையில் வௌவாலைக் கண்டால், காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சின்ன வகையின் பல் ஊசிமுனை மாதிரி, தடமே தெரியாமல் போகலாம்.

அறிகுறி: அறைக்குள் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது

ஃபேன். ரெகுலேட்டரைக் குறைத்தால் போதாது, சுவிட்சையே அணையுங்கள். அணைத்த பிறகும் இறக்கை நிற்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் யாரும் கத்தாமல், எதையும் வீசாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து, வீட்டுக்குள் போகிற கதவுகளைச் சாத்துங்கள். வெளியே போகிற கதவைத் திறந்துவிடுங்கள். இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்கள் நிறையப் பேர். "உள்ள வந்தது அந்த வழியாத்தான்" என்று வெளிக்கதவை அவசரமாகச் சாத்திவிட்டு, அடுப்படிக் கதவைத் திறந்து வைப்பார்கள். அது ஒவ்வொரு அறையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்.

சன்னலைத் திறக்கும்போது கொசுவலையையும் பாருங்கள். இப்போது எல்லா வீட்டிலும் வலை அடித்திருக்கிறார்கள். கண்ணாடியைத் திறந்துவிட்டு வலையை விட்டுவிட்டால் திறந்ததாகவே கணக்கில்லை. சின்ன வௌவால் சன்னல் கம்பிகளுக்கு நடுவே போய்விடும். பழம் தின்கிற வகைக்கு இறக்கை விரிக்க இடம் வேண்டும், அதற்குக் கதவுதான் வழி. ஆடி மாசம் என்றால் திறந்த கதவுக்குக் கல்லோ அரிசி மூட்டையோ முட்டுக்கொடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கத்தில் கதவைப் படாரென்று அறைந்துவிடும். சரியாக அது வெளியேறும் நேரம் பார்த்து அறையும் என்பது என் அனுபவம்.

பிறகு விளக்கு. அறை விளக்கையும், கதவுக்கு வெளியே இருக்கிற வாசல் விளக்கையும் அணைத்துவிடுங்கள். அடுத்த அறை வெளிச்சம் கதவிடுக்கில் வந்தால் உங்களுக்குக் கண் தெரியப் போதும். பூச்சி தின்கிற சின்ன வௌவால் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டுப் பறக்கிறது, அதற்கு இருட்டு ஒரு பொருட்டே இல்லை. பழந்தின்னிக்குப் பெரிய கண். நம் ஊரில் பார்க்கிற பழந்தின்னிகள் பெரும்பாலும் பார்வையையும் மூக்கையும் நம்பியே போகின்றன, பளீரென்ற எல்இடி விளக்கு அவற்றைத் தடுமாற வைக்கும். இரண்டுக்குமே வெளியே இருட்டு இருந்தால்தான் வெளி என்று புரியும். வாசலில் விளக்கு எரிந்தால் பூச்சி அங்கே கூடும், இரையைத் தேடி இன்னொன்றும் உள்ளே வரும்.

இனி சுவரோரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். நடு அறையில் நிற்க வேண்டாம். வௌவால் சுவர் பக்கம் மேலே ஏறும், நடுவில் தாழ இறங்கி வேகம் பிடிக்கும். பெண்கள் தலைமுடியில் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்துக்குக் காரணமே இந்த இறக்கம்தான். நாம் நடுவில் நிற்கிறோம், அது நடுவில் இறங்குகிறது, நம்மைப் பாய வருவதாக நினைக்கிறோம். ரத்தம் குடிக்கிற வௌவால்கள் மெக்சிகோவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் மட்டுமே உண்டு. நம் ஊரில் உங்கள் தலையைத் தேடி வருவது ஒன்றுகூட இல்லை.

பத்து நிமிஷம், அதிகம் போனால் இருபது. பெரும்பாலும் அதற்குள் போய்விடும்.

அறிகுறி: எல்லாம் செய்தாச்சு, அரை மணி நேரமாகியும் போகவில்லை

வாசலில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் நாலு பேர் செல்போன் டார்ச்சோடு கதவை அடைத்து நிற்பார்கள். அவர்களை மரியாதையாக அனுப்பி வையுங்கள்.

ஆள் யாரும் இல்லையென்றால் உயரம்தான் காரணம். நம் வீட்டுக் கதவுநிலை ஏழடி, கூரை பத்தடி. மேல் மூன்றடிக்குள்ளேயே சுற்றுகிற வௌவாலுக்குத் திறந்த கதவு கண்ணில் படுவதில்லை. களைத்துத் தாழ இறங்கும்போதுதான் தெரியும். காத்திருக்க முடியாது என்றால் எட்டு முழ வேட்டியை எடுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக, தலைக்கு மேல் தூக்கிச் சுவர் மாதிரிப் பிடித்துக்கொண்டு, கதவை நோக்கி மெதுவாக நடந்து வாருங்கள். பறக்கிற இடம் சுருங்கச் சுருங்க அது கதவுப் பக்கம் ஒதுங்கும். வேட்டியை வீசக் கூடாது, ஆட்டவும் கூடாது. டென்னிஸ் மட்டை மாதிரி இருக்கிற கொசு பேட்டைக் கையில் எடுப்பவரை அந்த அறையை விட்டே வெளியேற்றுங்கள்.

ஏசி அறை என்றால் திறக்கிற மாதிரி சன்னலே இருக்காது. அறைக்கதவைத் திறந்து, அங்கிருந்து வாசல்வரை நேராக ஒரு வழி விட்டு, மற்றதையெல்லாம் சாத்திவிடுங்கள்.

அறிகுறி: சத்தம் நின்றுவிட்டது, ஆளைக் காணோம்

போய்விட்டது என்று நினைத்து ஃபேனைப் போடாதீர்கள். திரைச்சீலை மடிப்பு, மாட்டியிருக்கிற சட்டைக்குள், சாமி படங்களுக்குப் பின்னால், தினசரி காலண்டருக்குப் பின்னால், ஸ்பிளிட் ஏசியின் மேல், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, ஃபேன் கம்பியின் கிண்ண மூடிக்குள்: இதே வரிசையில் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்புச்சியின் (தாய்வழித் தாத்தாவின்) படத்துக்குப் பின்னால் இருந்தது. மாலையைக் கழற்றப் போன என் மனைவி, "ஏனுங், அப்புச்சி படத்துக்குப் பின்னால யாரோ இருக்கறாங்க" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சுவரில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு வேலை சுலபம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாக அதன் மேல் கவிழ்த்துப் பிடியுங்கள். சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே பழைய காலண்டர் அட்டையை நுழைத்து மூடிவிடுங்கள். கையால் தொடவே வேண்டியதில்லை. துணியில் தொங்கினால் துணியோடு சேர்த்துக் கொண்டுபோய் வெளியே கொடியில் மாட்டிவிட்டால் தானாகப் போய்விடும்.

பகலில் கண்டுபிடித்தால் பகலிலேயே விரட்டாதீர்கள். வெளியே காக்கைக் கூட்டம் காத்திருக்கும். அந்த அறையைச் சாத்தி வைத்து, பொழுது சாய்ந்ததும் கதவைத் திறந்துவிடுங்கள்.

அறிகுறி: தரையில் கிடக்கிறது, பறக்க மாட்டேன் என்கிறது

செத்துவிட்டது என்றோ நோய் என்றோ முடிவு கட்ட வேண்டாம். பல வௌவால்களுக்குச் சமதரையிலிருந்து எழும்புவது பெரும்பாடு. மேலே தொங்கி, கீழே விழுந்து, விழுகிற வேகத்தில் இறக்கை விரிக்கிற பிராணி அது. தரையில் விட்டால் கிணற்றில் விழுந்த மாதிரிதான். ஆனால் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. நோயுள்ள வௌவாலும் தரையில்தான் கிடக்கும், பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

தடித்த டர்க்கித் துண்டை நாலாக மடித்து மேலே போர்த்தி, துண்டோடு சேர்த்து அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். தோல் கையுறை இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய ரப்பர் கையுறை பழந்தின்னிப் பல்லுக்கு ஈடு கொடுக்காது. பெட்டியில் காற்றுக்குச் சின்னத் துளைகள் போட்டு, இருட்டான இடத்தில் வைத்து, பிள்ளைகளையும் பூனையையும் தள்ளி வையுங்கள். பெட்டி மூடியை நன்றாக ஒட்டுங்கள், விரல் நுழைகிற இடைவெளி சின்ன வௌவாலுக்கு வாசல்.

சித்திரை வெயிலில் கிடந்தால் தாகமாக இருக்கலாம். கரூர், ஈரோடு வெயில் நமக்கே தாங்காது, வெட்டவெளி மரத்தில் நாள் முழுக்கத் தொங்குகிற பெரிய பழந்தின்னிகள் கடும் வெப்ப நாட்களில் கூட்டமாகச் செத்து விழுவதுண்டு. பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் வைக்கலாம். பால் ஊற்றாதீர்கள், வாயைத் திறந்து எதையும் புகட்டவும் வேண்டாம்.

இருட்டியதும் பெட்டியை மதில் மேலோ, மரக்கிளைப் பிரிவிலோ, தலைக்கு மேலான உயரத்தில் சாய்த்துத் திறந்து வையுங்கள். சொரசொரப்பான வேப்ப மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிவிடும். ஒரு மணி நேரம் கழித்தும் அங்கேயே கிடந்தாலோ, இறக்கை கிழிந்து எலும்பு தெரிந்தாலோ, வனச்சரக அலுவலகத்துக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள்.

கூடவே குட்டி ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். குட்டி மட்டும் விழுந்திருந்தால், அதே பெட்டியில் துணியைப் பற்றிக்கொள்ள விட்டு, விழுந்த இடத்துக்கு நேர் மேலே உயரத்தில் வையுங்கள். தாய் தேடி வந்து தூக்கிப் போகலாம். விடிந்தும் வராவிட்டால் வனத்துறைதான்.

அறிகுறி: வாசலுக்கு எதிரே மின்கம்பியில் பெரிதாக ஒன்று தொங்குகிறது

இது நாலடி இறக்கைக்காரர், பெரும் பழந்தின்னி. வீட்டுக்குள் வருவது அபூர்வம், கம்பியில் மாட்டுவது சகஜம். இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் தொடுகிற அளவு நீள இறக்கை என்பதால் ஷாக் அடிக்கிறது. துறட்டியை எடுக்காதீர்கள், ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஆளைப் பார்த்ததே இல்லை, காலையில் தரையில் அசிங்கம் மட்டும்

எனக்குப் பிடித்த இடம் இதுதான். தரையைப் படித்தால் வந்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

போர்டிகோவிலோ தாழ்வாரத்திலோ, ஒரே இடத்துக்குக் கீழே வேப்பங்கொட்டையும் மென்று துப்பிய சக்கையும் சிதறியிருக்கிறதா? வாதுமை சீசனில் கொட்டை கிடக்கும். சுவரில் மஞ்சளும் பழுப்புமாகத் தெறித்த கறை இருக்கும். இது குறுமூக்குப் பழந்தின்னி. உள்ளங்கை நீளம்தான், முகம் நாய்க்குட்டி மாதிரி. உங்கள் வீட்டில் அது குடியிருக்கவில்லை. மரத்தில் பழத்தைப் பறித்து, ஆந்தைக்குப் பயந்து, உங்கள் கூரைக்குக் கீழே வந்து தொங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறது. அதற்கு உங்கள் போர்டிகோ ஓட்டல். ஆனி ஆடியில் வேப்பம்பழம் முடிந்தால் வரத்தும் பாதி குறையும்.

அரிசி அளவில் கறுப்பாக, காய்ந்த எச்சம் சுவரோரம் குவிந்திருந்தால் எலியா வௌவாலா என்று குழப்பம் வரும். ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். எலிப்புழுக்கை கல் மாதிரி கெட்டியாக நிற்கும். வௌவால் எச்சம் பொடிப்பொடியாக உதிரும், உள்ளே பூச்சி ஓடுகள் மினுமினுக்கும். இது பூச்சி தின்கிற வகை. இவர் உங்கள் ஓட்டுக்குள்ளேயே குடியிருக்கிறார், வாடகை கொசுக் கணக்கில் வரவாகிறது.

மூன்றாவது கொஞ்சம் பயமுறுத்தும். வெட்டுக்கிளி இறக்கை, வண்டுக் கால், சில நேரம் தவளைக் கால்கூடத் தரையில் கிடக்கும். எங்கள் சாளையில் (தோட்டத்து வீட்டில்) மாடு கட்டுகிற கட்டுத்தரைக்குப் பக்கத்து அறையில் இதைப் பார்த்துவிட்டு, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. பெரிய காது கொண்ட ஒரு வௌவால் பிடித்த இரையைத் தொங்கித் தின்னும்போது வேண்டாததைக் கீழே போடுகிறது, அவ்வளவே. நான் டார்ச் அடித்துக் காட்டிய பிறகும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா நம்பவில்லை. எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் போனார்.

எதுவானாலும் காய்ந்த எச்சத்தைச் சீமாறால் பெருக்காதீர்கள். நாளாகச் சேர்ந்த எச்சத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும், தூசியோடு நுரையீரலுக்குள் போகும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்து எடுங்கள். வழித்ததை எருக்குழியில் புதைத்துவிட்டால் நல்ல உரம்.

அறிகுறி: விரட்ட விரட்டத் திரும்ப வருகிறது

அப்படியென்றால் வழி உங்கள் வீட்டில் இருக்கிறது. ஓட்டு வீடென்றால் உடைந்த சீமை ஓடு, முகட்டோட்டுக் காரை பெயர்ந்த இடம், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி, அட்டாலியின் (பரணின்) காற்றுத் துவாரம். மாடி வீடென்றால் ரோலிங் ஷட்டர் பெட்டி, பைப் போகிற ஓட்டை, பெயர்ப்பலகைக்குப் பின்னால். சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னால் பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த இடத்திலிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். இரண்டு சாயங்காலம் போதும். ஓட்டைக்குக் கீழே சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரிக் கறை இருந்தால் அதுதான் வாசல்.

கண்டதும் காரை பூசி அடைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. உள்ளே இருக்கிறவை செத்து நாறும். குட்டிகள் இருந்தால் தாய்கள் வழி தேடிச் சந்தில் புகுந்து நேராக உங்கள் படுக்கையறைக்கே வந்துவிடும். உள்ளேயிருந்து கீச்சுக் குரல் விடாமல் கேட்டால் குட்டி இருக்கிறது என்று அர்த்தம். பறக்கிற பருவம் வரும்வரை ஒன்றரை இரண்டு மாசம் விட்டுவிடுங்கள்.

குட்டி இல்லை என்று உறுதியானால், நைலான் கொசுவலையில் ஒரு பாவாடை தைத்த மாதிரி, ஓட்டையின் மேலும் இரு பக்கமும் ஆணியடித்து, கீழ்ப்பக்கம் இரண்டடி தொங்கவிடுங்கள். உள்ளிருப்பது வலைக்கும் சுவருக்கும் நடுவே ஊர்ந்து கீழே வந்து பறந்துவிடும். திரும்பி வருகிறபோது நேராக ஓட்டையைத் தேடி வலையில் முட்டும், கீழே திறந்திருப்பது புரியாது. ஒரு வாரம் அப்படியே விட்டு, இரண்டு இரவு எதுவும் வெளியே வரவில்லை என்று பார்த்துவிட்டு அப்புறம் காரை. விரல் நுழைகிற எல்லா இடத்தையும் அடைக்க வேண்டும்.

அந்துருண்டை தொங்கவிடுவது, மிளகாய்ப் புகை போடுவது, கடையில் விற்கிற அல்ட்ராசானிக் பெட்டி, மூன்றையும் நான் முயன்று பார்த்தேன். பெட்டி வாங்கிய காசுக்கு ஒரு சிப்பம் சிமெண்ட் வாங்கியிருக்கலாம். மிளகாய்ப் புகையில் வௌவால் அசையவில்லை, நாங்கள் மூன்று பேர் வாசலில் நின்று இருமினோம்.

கொல்வது மட்டும் வேண்டாம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால் காக்கை, எலியோடு சேர்த்து, கொன்றாலும் குற்றமில்லை என்ற தொல்லைப் பிராணிப் பட்டியலில் இருந்தது. 2022இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. இளைப்புக்கு மருந்து என்று யாராவது கறி கேட்டு வந்தாலும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

அறிகுறி: தோட்டத்துக் கொய்யாவில் பல் பட்டிருக்கிறது, சாப்பிடலாமா

கூடாது. கடித்த பகுதியை வெட்டிவிட்டும் கூடாது, குழியில் போட்டு மூடுங்கள். 2018இல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்தபோது பெரும் பழந்தின்னிகளிடம்தான் அந்தக் கிருமியைக் கண்டார்கள். வாளையார் தாண்டினால் கேரளம், வௌவாலுக்குச் சோதனைச் சாவடி கிடையாது. நல்ல பழத்தைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம். மூடாத பானையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

கொய்யாவுக்கு வலை போடுவதென்றால் விரல் நுழையாத அளவு நெருக்கமான கண் கொண்டதாகப் பார்த்து, விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். மீன் வலை மாதிரித் தொளதொளவென்று போட்டால் வௌவால் சிக்கும், பாம்பு சிக்கும். காலையில் கத்தரிக்கோலோடு நிற்க வேண்டியது நீங்கள்தான். போர்டிகோ ஓட்டலை மூடவும் அதே வலைதான், தொங்குகிற கொக்கியையோ குழாயையோ எட்டாதபடி கூரையோடு ஒட்டி அடித்தால் நாலைந்து நாளில் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டுப் போர்டிகோவில் நான் அடிக்கவில்லை. கீழே ஒரு பழைய சாக்கை விரித்துவிட்டு, காலையில் கொட்டையோடு சுருட்டி எடுத்து வேலியோரம் உதறுகிறேன். போன மழைக்கு அங்கே வேப்பங்கன்று பதினொன்று முளைத்திருந்தது.